ஒன்பதாவது வளையம்

இன்று பட்டறையில் ஐந்து பேர் இருக்கிறோம். முதலாளி சதாசிவம். லேத் சவரிமுத்து. குன்னூர் பக்கத்திலிருந்து வந்திருக்கும் போஜன் சார், தேயிலைத் தொழிற்சாலையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி மாதியம்மா. நான், மருதாசலம். வாசலில் படுத்திருக்கும் நாயைச் சேர்த்தால் ஆறு, ஆனால் அது எதிர்க்கடை நாய், நிழலுக்காக வருகிறது, அதைச் சேர்க்கக் கூடாது. மணி பன்னிரண்டு முப்பத்தைந்து. போஜன் சாரின் வெளிர்பச்சைக் கார் நான்கு சக்கரத்திலும் நிமிர்ந்து நிற்கிறது. மூன்று வருடம் தரையோடு தரையாகக் கிடந்த வண்டி. இடது பக்கத்துக்கு ஒரு பிரஷர் மீட்டர், வலது பக்கத்துக்கு ஒரு மீட்டர், இரண்டு ஊசியும் இருநூற்று இருபதில். இனி ஒரு மணி நேரம் யாரும் வண்டியைத் தொடக் கூடாது. பெரிய முதலாளி காலத்திலிருந்து இங்கே இதுதான் முறை. மற்றவர்கள் சாப்பிடுவார்கள், நான் முக்காலியில் உட்கார்ந்து ஊசியைப் பார்ப்பேன். ஊசி அசையாவிட்டால் வால்வுக்கு மூடி போட்டு அனுப்பிவிடலாம். ஒன்று முப்பத்தைந்துக்கு அவர்கள் புறப்படுவார்கள். ஊசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் இடது கைக்குள் ஒரு பித்தளை வளையம் இருக்கிறது. அது இருக்கக் கூடாது.

ஐந்து நிமிடம் முன்பு, உதிரிச் சாமான் வைக்கும் தட்டைத் துடைக்கும்போது துணி மடிப்பிலிருந்து விழுந்தது. கால் விரலில் பட்டது. குனிந்து எடுத்தேன், யாரும் பார்க்கவில்லை, கையை மூடிக்கொண்டேன். இந்த வண்டிக்கு ஸ்பிரிங் கிடையாது. சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு இரும்பு யூனிட், சின்னச் சருவம் அளவு. உள்ளே ரப்பர், ரப்பருக்குள் தண்ணீரும் ஸ்பிரிட்டும் கலந்த மருந்து. முன் சக்கரம் குழியில் இறங்கினால் மருந்து குழாய் வழியாகப் பின் யூனிட்டுக்கு ஓடி வண்டியைச் சமன் செய்யும். ஒவ்வொரு யூனிட்டுக்குள்ளும் ஒரு தகடு, தகட்டில் இரண்டு துளை, துளைக்கு ஒரு ரப்பர் இதழ், இதழைப் பிடிக்க ஒரு வளையம். பழைய வளையங்கள் துருவாகப் போய்விட்டதால் சவரியிடம் பித்தளையில் கடையச் சொன்னேன். ஒரு யூனிட்டுக்கு இரண்டு, நான்கு யூனிட்டுக்கு எட்டு. எட்டுதான் சொன்னேன். எட்டும் உள்ளே போயிருந்தால் தட்டில் ஒன்றும் இருக்காது. இருக்கிறது. உள்ளங்கையில் வியர்வையோடு இருக்கிறது. அப்படியென்றால் சவரி ஒன்பது கடைந்து கொடுத்திருக்க வேண்டும், அல்லது நான்கில் ஒரு யூனிட்டுக்குள் ஒரு இதழ் வளையம் இல்லாமல் இருக்கிறது. ஒன்பது. அல்லது ஏழு. இரண்டில் ஒன்று.

நோட்டு மேஜை மேல் இருக்கிறது, எழுந்து பார்க்கத் தேவையில்லை, எனக்குத் தெரியும். போன வாரச் செவ்வாய்க்கிழமைக்கு நேரே, வளையம் 8, சவரி, பெற்றுக்கொண்டேன். என் கையெழுத்து. எட்டின் மேல்சுழி சின்னது, கீழ்ச்சுழி பெரியது, எப்போதும் அப்படித்தான் போடுவேன். ஆனால் எண்ணினேனா. எண்ணிவிட்டு எழுதினேனா, எட்டு சொல்லியிருந்ததால் எட்டு என்று எழுதினேனா. செவ்வாய்க்கிழமை சவரி கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தான், கரண்ட் போயிற்று, லேத் நின்றது, அந்த அமைதியில் சதாசிவம் யாரோடோ போனில் சத்தமாகப் பேசியது ஞாபகம் இருக்கிறது. கிண்ணத்தின் விளிம்பு நெளிந்திருந்தது ஞாபகம் இருக்கிறது. விரல் வளையத்தைத் தள்ளித் தள்ளி ஒன்று, இரண்டு என்று போனது ஞாபகம் இருக்கிறதா என்று தேடினால், இருக்கிறது, ஆனால் அது செவ்வாய்க்கிழமை விரலா என்று தெரியவில்லை. நாற்பத்தொரு வருடமாக இதே விரல் எதையாவது தள்ளித் தள்ளி எண்ணிக்கொண்டுதான் இருக்கிறது. எந்த நாளிலிருந்து எடுத்தாலும் ஒரே மாதிரி இருக்கும். ஊசி இருநூற்று இருபது. இரண்டும்.

சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். வண்டி இன்று போகக் கூடாது. நான்கு சொல். வாய்க்குள் வரிசையாக வைத்திருக்கிறேன். முதல் சொல்லைத் தள்ளினால் மற்ற மூன்றும் தானாக வரும். ஆறாம் வகுப்பில் என்னைக் கரும்பலகைக்கு முன்னால் நிற்க வைத்தார்கள். முந்நூற்று நாற்பத்தேழை எட்டால் வகுத்தால் மீதி என்ன. மூன்று. பெஞ்சிலிருந்து எழும்போதே தெரியும். வகுப்பில் மொத்தம் முப்பத்தெட்டுப் பேர், எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள், வாய் திறக்கவில்லை. மணி அடிக்கும் வரை நின்றேன். மறு வருடம் போகவில்லை. அது போகட்டும், அதில் யாருக்கும் நஷ்டமில்லை. மகள் கல்யாணத்தில் பந்திக்கு நாற்பத்திரண்டு இலை குறையும் என்று முந்தின நாளே எனக்குத் தெரியும். சமையல்காரரிடம் சொல்ல நான்கு முறை போய், நான்கு முறையும் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினேன். மாப்பிள்ளையின் பெரியப்பா குடும்பம் கை கழுவிக்கொண்டு நின்றது. மகள் ஒருநாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட உட்காரும்போது, எல்லாருக்கும் இருக்குதாப்பா என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவாள். பதினெட்டு வருடமாக.

மாதியம்மா வர்க்கிப் பொட்டலத்தைப் பிரித்தாயிற்று. மலையிலிருந்து கொண்டுவந்தது. பன்னிரண்டு. ஆளுக்கு இரண்டு, மீதி இரண்டு. என் பங்கைக் காகிதத்தில் வைத்து முக்காலிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். சாப்பிடுங்க மேஸ்திரி, ஊசி ஓடிப்போகாது என்றார். வலது கையால் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன், பொடி சட்டையில் உதிர்கிறது. அவர் சவரியிடம் சொல்லிக்கொண்டிருப்பது காதில் விழுகிறது. வேறு எந்த வண்டியில் ஏறினாலும் மூன்றாவது வளைவுக்குள் வாந்தி. எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே போக வேண்டும். இந்த வண்டியில் மட்டும் தூங்கிவிடுவாராம். வண்டி படுத்த பிறகு மூன்று வருடமாக மலையைவிட்டு இறங்கவே இல்லை, தங்கை வீட்டுப் புதுமனைப் புகுவிழாவுக்குக்கூட வரவில்லை. வண்டி தயார் என்றதும் நேற்றுதான் மலை ரயிலில் இறங்கித் தங்கை வீட்டில் தங்கியிருக்கிறார். திரும்பிப் போக ரயில் வேண்டாம், வண்டி வந்துவிடும் என்று பழமே வாங்கவில்லையாம். சவரி, அப்ப வளைவுல ஒரு தாலாட்டு பாடச் சொல்லிருவமுங்க வண்டிய என்கிறான். அவர் சிரிக்கிறார். கொண்டை ஊசி வளைவு பதினான்கு. நான் எண்ணியிருக்கிறேன்.

வளையம் இல்லாத இதழ் உடனே கழலாது. அதுதான். இன்றைக்கே கழன்றால், இந்த ஒரு மணி நேரத்திலேயே கழன்றால், ஊசி துள்ளும், நான் பேசவே வேண்டாம், ஊசி பேசிவிடும். நாற்பது நிமிடமாக நான் காத்திருப்பது அதற்குத்தானா. நின்ற வண்டியில் அது கழலாது. மருந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓட ஓட, பத்தாவது நாளோ ஐந்தாவது மாதமோ, இதழ் நழுவி மிதந்து குழாய் வாயில் போய் ஒட்டிக்கொள்ளும். அந்த நொடியில் அந்தப் பக்கம் முழுவதும் கட்டையாகிவிடும். வளைவில் இறங்கும்போது அப்படி ஆனால் வண்டி வெளிப்பக்கம் எகிறும். ஒன்று பார்த்திருக்கிறேன். மூணாறிலிருந்து லாரியில் ஏற்றி வந்த வெள்ளை வண்டி, வேறு யாரோ பிரித்து மூடிய யூனிட். அறுத்துப் பார்த்தபோது இதழ் வெற்றிலை மடித்ததுபோல் குழாய் வாயில் இருந்தது. கூட வந்தவர் கையைக் கட்டுப்போட்டுக் கழுத்திலிருந்து தொங்கவிட்டிருந்தார், வண்டியை ஓட்டிய அண்ணனைப் பற்றி நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அன்றைக்கு நான் மனதுக்குள் சொன்னது நன்றாக ஞாபகம் இருக்கிறது. எண்ணாமல் மூடியிருக்கிறான், படுபாவி.

எழுந்து வண்டியைச் சுற்றினேன். தொடக் கூடாது என்ற முறையை நானே மீறினேன். நான்கு மூலையிலும் உள்ளங்கையை வைத்து அழுத்தி விட்டேன். நான்கும் ஒரே மாதிரி இறங்கி ஒரே மாதிரி ஏறுகின்றன. எங்கெங்கிருந்தோ பார்சலில் எனக்கு யூனிட் வருகிறது. எந்த வண்டி என்று தெரியாமல், வர்ணக்கோடு உதிர்ந்து, நம்பர் துருவில் மறைந்து, சாக்கு சுற்றி வரும். கோடு இருந்தால் யாரும் சொல்லலாம். கோடு இல்லாவிட்டால் குழாய் எந்தக் கோணத்தில் திரும்புகிறது, உதடு எத்தனை நூல், அடியில் தண்டு எவ்வளவு ஒல்லி என்று பார்ப்பேன், கடைசியில் மரச்சுத்தியால் ஒரு தட்டு. முன்யூனிட்டா பின்யூனிட்டா, எந்த வருடத்துக்கு அந்தப்பக்கம், எந்த வருடத்துக்கு இந்தப்பக்கம், சொல்லிவிடுவேன். சதாசிவம் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார், மருதண்ணன் கிட்ட மூடுன பொட்டியக் குடுத்தாலும் உள்ள இருக்கறதச் சொல்லுவாருங்க என்று. நான் தலையைக் குனிந்துகொள்வேன், ஆனால் பிடிக்கும். என் கையால் நானே போன வாரம் மூடிய நான்கு. எதில் என்று எனக்குத் தெரியவில்லை. மூடுவதற்கு முன் ஒவ்வொன்றையும் நிறுத்து எடை எழுதியிருக்கிறேன். வளையம் ஒன்று ஏழு கிராம். பட்டறைத் தராசு ஐம்பது கிராமுக்குக் குறைந்து பேசாது.

மணி ஒன்று இருபது. சவரி கை கழுவ வந்தான். தண்ணீர்க் குழாய் என் முக்காலிக்குப் பின்னால். முகத்தைப் பார்த்துக் கேட்டால் கேட்க முடியாது என்று ஊசியைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"சவரி, வளையம் எத்தனை கடைஞ்சே?"

"எண்ணறது உங்க வேலைங்கண்ணா. கடையறதுதான் என் வேலை." வாயைக் கொப்பளித்துத் துப்பினான். "எட்டுன்னீங்க. எட்டு. ஒண்ணு சேத்திப் போட்டிருந்தாலும் போட்டிருப்பேன், சில நாளைக்குப் போடறதுதான். ஏன், கொறையுதா?"

"கொறையலை."

"அப்பறம் என்னங்க."

குறையவில்லை என்று சொன்னது பொய் இல்லை. அதிகமாக இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. பித்தளைத் தடியின் மிச்சம் எங்கே என்று கேட்டேன். மிச்சத்தை அளந்தால் எத்தனை வெட்டினான் என்று கணக்குப் போட்டுவிடலாம், நூல் பிசகாமல் போட்டுவிடுவேன். நேத்தே பழைய சாமான்காரன் வந்தானுங்களே, கடைசல் சுருளோட சேத்திப் போட்டு உட்டுட்டேன் என்றான். ஈரக் கையை என் தோளில் துடைப்பதுபோல் பாவனை செய்து, மருதண்ணன் எண்ணாம சோத்தைக்கூட முழுங்க மாட்டாரு, இன்னைக்கு என்னமோ வர்க்கியக் கையில வெச்சுட்டு ஏதோ யோசனையில இருக்காரு என்று மற்றவர்களுக்குக் கேட்கும்படி சொன்னான். நான்கு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் வர்க்கியைக் கடித்தேன். மண்போல் இருந்தது.

திறந்து பார்க்கலாம். திறந்து பார்ப்பது என்றால் அறுப்பது. அறுத்தால் யூனிட்டின் அடியை மூடும் அடிரப்பர் போச்சு, ஒருமுறை விளிம்பு கடித்த ரப்பர் மறுமுறை உட்காராது. மும்பையில் மூடிப்போன ஒரு கடையின் மாடியிலிருந்து போஜன் சார் இரண்டு வருடம் தேடிக் கொண்டுவந்தது ஆறு ரப்பர். நான்கு உள்ளே. இரண்டு கண்ணாடி ஜாடியில், பவுடர் தூவி, குழந்தைபோல் படுத்திருக்கின்றன. இங்கேயே ஒரு ரப்பர் கம்பெனியில் செய்து பார்த்தோம், மூன்று முறையும் நூற்றைம்பதைத் தாண்டும்போது கிழிந்தது. நான்கைத் திறக்க நான்கு வேண்டும், இருப்பது இரண்டு. இரண்டை மட்டும் திறக்கலாம். அதில் கிடைத்தால் கிடைத்தது. கிடைக்காவிட்டால் மற்ற இரண்டில் இருக்கிறதா, அல்லது எதிலுமே குறைவில்லாமல் சவரி சேர்த்துப் போட்டதுதானா, அப்போதும் தெரியாது. சொன்னால் இந்த வண்டி இனி நிமிர்ந்து நிற்காமலே போகலாம். சொல்லாவிட்டால் ஒன்றுமே ஆகாமல் போகலாம். பத்து வருடம் ஓடலாம், அவர்கள் இருவரும் முதுமையில் கட்டிலில் கிடந்து போகலாம், வண்டி அதற்கப்புறமும் ஓடலாம். அப்படித்தான் ஆகும். சவரி சேர்த்துத்தான் போட்டிருப்பான். எட்டு என்று எழுதியிருக்கிறது. எண்ணாமல் நான் எழுதமாட்டேன். எண்ணாமல் எழுதமாட்டேன் என்றால் கையில் இருப்பது என்ன. எழுதியது சரியென்றால் உள்ளே ஏழு. எழுதியது தப்பென்றால் அவர்கள் பிழைத்தார்கள். என் கணக்கு தப்பாக இருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்வது இதுதான் முதல் தடவை. ஊசி இருநூற்று இருபது. ஊசிக்கு ஒன்றும் தெரியாது.

ஒன்று முப்பத்தைந்து. சதாசிவம் வந்து இரண்டு மீட்டரையும் குனிந்து பார்த்து, ஒரு மயிரிழை அசையலீங்க சார் என்றார். போஜன் சார் மீட்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக் கைகூப்பினார். என்னால் இடது கையைத் திறக்க முடியாததால் வலது கையை மட்டும் நெஞ்சில் வைத்தேன். அவர் மனைவிக்குக் கதவைத் திறந்தார். மாதியம்மா ஏறி, பையை மடியில் வைத்து, முந்தானையைச் சுற்றிக்கொண்டு, தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். வண்டி இன்னும் புறப்படவே இல்லை. இப்போது சொல்ல வேண்டும். வண்டி. முதல் சொல் வண்டி. சதாசிவம், அண்ணா, மூடியப் போட்டுருங்க என்று இரண்டு வால்வு மூடிகளையும் என் வலது கையில் வைத்தார். பின்னால் போய் உட்கார்ந்தேன். இடது பக்க வால்விலிருந்து மீட்டரின் பம்புக் குழாயைக் கழற்றினேன். வால்வின் நடுவில் சின்ன ஊசிமுனை மினுங்குகிறது. வண்டி. தொண்டை கரும்பலகைக்கு முன்னால் நிற்கிறது. முப்பத்தெட்டுப் பேரும் பார்க்கிறார்கள். மூடியைக் கீழே வைத்தேன். துணியை வால்வின் மேல் போட்டு, திருப்புளி முனையை உள்ளே விட்டு அழுத்தினேன்.

ஸ்பிரிட் வாடை பட்டறை முழுக்க ஏறியது. துணி நனைந்து கை நனைந்து மருந்து தரையில் ஓட, இடது பக்கம் மெதுவாக இறங்கியது, முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒன்றாக, சுமை இறக்கிய மாடு உட்காருவதுபோல், உள்ளே மாதியம்மாவோடு. சதாசிவம் என் கையைப் பிடித்தார். என்னண்ணா பண்றீங்க, என்னண்ணா பண்றீங்க என்று அதையே சொன்னார். கண்ணாடிக்குள் மாதியம்மா ஒருபக்கம் சாய்ந்தபடி கண்ணைத் திறந்தார். போஜன் சார் என் முன்னால் குந்தி உட்கார்ந்தார். அவருக்கு முன்னால் இடது கையைத் திறந்தேன். ஒரு மணி நேரம் அழுத்தியதில் உள்ளங்கையில் வட்டமாகப் பதிந்திருந்தது, வளையத்தை எடுத்த பிறகும் வளையம் இருந்தது.

"எட்டு உள்ள போகோணும். ஒண்ணு இங்க இருக்குதுங்க."

"எதுலன்னு தெரியுமா மேஸ்திரி?"

"தெரியலீங்க."

"கொறையுதுன்னு நிச்சயமா?"

"அதுவும் தெரியலீங்க."

அவர் வளையத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தேயிலைச் சாம்பிள் பார்ப்பவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். "ரப்பர் ரெண்டுதான் இருக்கு இல்ல?" என்றார். ஆமாம் என்றேன். மூன்று வருடம் என்று யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார். பிறகு வளையத்தை என் கையில், அந்தப் பதிவின் மேலேயே, திரும்ப வைத்தார். வலது பக்கத்தையும் இறக்கிடுங்க, சாஞ்சு நிக்க வேண்டாம் என்றார். திட்டியிருக்கலாம். சதாசிவம் திட்டினார், என்னை அல்ல, சவரியை, பிறகு பழைய சாமான்காரனை, பிறகு மும்பையை. சவரி தலையைச் சொறிந்துகொண்டு, சத்தியமா ஞாபகம் வரலீங்கண்ணா, வந்தா சொல்ல மாட்டேனா என்றான்.

மாதியம்மா கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். கணவரின் முகத்தையும் தரையில் ஓடும் மருந்தையும் பார்த்தார். வண்டியின் மேல் ஒருமுறை கையை வைத்து எடுத்துவிட்டு, மேட்டுப்பாளையம் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். இரண்டு பத்துக்கு ஒன்று இருக்கிறது என்றேன். என் குரல் எனக்கே கேட்டது. அப்ப யாராச்சும் மூணு எலுமிச்சம்பழம் வாங்கிக் குடுங்க என்றார்.

சவரி ஓடினான். நான் வலது வால்வுக்குப் போய் உட்கார்ந்து அதையும் திறந்தேன். ஊசி இருநூறு, நூற்றெண்பது, தொண்ணூறு, பூஜ்யம். வண்டி மூன்று வருடம் கிடந்த அதே உயரத்துக்கு வந்தது, அளவுக்குச்சியை வைத்துப் பார்த்தேன், ஒரு நூல்கூட வித்தியாசமில்லை. சவரி மூச்சிரைக்க வந்து காகிதப் பையை நீட்டினான். மாதியம்மா மூன்றை ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து பார்த்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். இருவரும் ஆட்டோவில் ஏறிப் போனார்கள்.

காகிதப் பை மேஜை மேல் கிடந்தது. தூக்கினேன், கனத்தது. மூன்றுதான் கேட்டார்கள். நான்கு வாங்கியிருக்கிறான். மீதி ஒன்று.